கல்வராயன் மலைப் பாடலும் கணினி இசைக்குறியீடும்: குறிகளின் உருவத்தை மாற்றியமைத்தல்

ஆய்வுச் சுருக்கம்

நாட்டார் இசையைக் கணினிவழிப் பதிப்பிக்கும்போது, மென்பொருள் தரும் மேலை இசைக்குறிகளின் உருவத்தை மாற்ற வேண்டிய தேவை எழுகின்றது. அம்மாற்றத்தின் மூன்று நிலைகளையும், அவற்றுள் எது காலத்தால் நிலைக்கும் என்பதையும் இக்கட்டுரை விளக்குகின்றது.

திறவுச்சொற்கள்: இசைக்குறியீடு, பறை, எழுத்துரு, கல்வராயன் மலை, ஆவணப்படுத்தல்

முன்னுரை

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகிய கல்வராயன் மலை, 2019 நவம்பர் 26 முதல் தனி மாவட்டமாக இயங்கும் கள்ளக்குறிச்சியின் மேற்குப் பகுதியில் அமைந்துள்ளது. இங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினர் தமிழ் பேசுபவர்கள். எனவே அவர்தம் பாடலின் சொற்களைத் தமிழ் எழுத்தில் பதிவதில் பெருந்தடை இல்லை. மெட்டையும் தாளத்தையும் பதிவதே கடினம். தமிழ் நாட்டார் பாடல் தொகுப்புகள் பெரும்பாலும் சொல்லோடு நின்றுவிட்டமைக்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

முன்னோடி முயற்சிகள்

சின்னசாமி முதலியார் 1890களில் கருநாடக இசை உருப்படிகளை மேலைக் குறியீட்டில் அச்சிட்டார். 1904இல் எட்டயபுரத்தில் வெளிவந்த ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ என்னும் நூலில் சுப்பராம தீட்சிதர், சுர எழுத்துகளோடு கமகங்களுக்கெனத் தனிக் குறிகளையும் கையாண்டார். இருக்கும் குறியை ஏற்பதா, புதிய குறியை ஆக்குவதா என்னும் அதே வினா இன்று கணினித் திரையில் மீண்டும் எழுகின்றது.

மாற்றத்தின் மூன்று நிலைகள்

சமவெளியிலுள்ள பறையை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். குட்டையும் தடிப்புமான அடிக்குச்சியின் அடி, நீண்டு மெலிந்த சுண்டுக்குச்சியின் அடி, இரண்டும் ஒருங்கே விழும் அடி ஆகிய மூன்றும் அதன் அடிப்படை. மூன்றையும் ஒரே கரும்புள்ளியால் குறித்தால் வேறுபாடு மறைந்துவிடும்.

முதல் நிலை, தேர்ந்தெடுத்தல். 1996இல் தொடங்கப்பட்ட லிலிபாண்ட், மியூஸ்ஸ்கோர் போன்ற கட்டற்ற மென்பொருள்களில் சுரத்தலைக்குப் பெருக்கல் குறி, முக்கோணம், சாய்சதுரம் முதலிய உருவங்கள் உள்ளன. ஓர் அடிக்கு ஓர் உருவம் என வரையறுத்து, அதற்கான விளக்கப் பட்டியலைப் பதிப்பின் முகப்பில் தருதல் வேண்டும்.

இரண்டாம் நிலை, வரைதல். பட்டியலில் இல்லாத உருவத்தைப் பதிப்பாளரே வரைந்து சுரத்தலையின் இடத்தில் வைக்கலாம். ஆனால் தண்டுக்கோடு தலையைத் தொடும் புள்ளி பழைய உருவத்திற்கென அமைந்ததாகும். அதையும் திருத்தாவிடில் தண்டு தலையை விட்டு விலகி நிற்கும்.

மூன்றாம் நிலை, எழுத்துருவிலேயே குறியைச் சேர்த்தல். ஸ்டெயின்பெர்க் நிறுவனம் 2013இல் அறிமுகப்படுத்திய ஸ்மஃபில் என்னும் தரம், ஒருங்குறியின் தனிப்பயன் பகுதியில் இசைக்குறிகளுக்கு நிலையான இடங்களை ஒதுக்கியது. அப்பகுதியின் இறுதிப் பகுதி, ஒவ்வோர் எழுத்துருவும் தன் விருப்பக் குறிகளை வைத்துக்கொள்வதற்கு விடப்பட்டுள்ளது.

நிலைபேற்றுச் சிக்கல்

விருப்பப் பகுதியில் வைக்கப்படும் குறி, அவ்வெழுத்துரு உள்ள கணினியில் மட்டுமே பொருள் தரும். பாமினி எழுத்துருவில் தட்டச்சான ஆய்வேடு, அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற எழுத்துக் குவியலாகத் தோன்றுவதைத் தமிழாய்வாளர் நன்கறிவர். இங்கும் அதுவே நிகழும். மென்பொருளும் நிலையானதன்று. 1988இல் வெளிவந்து நெடுங்காலம் பதிப்பாளர்களிடையே செல்வாக்குப் பெற்றிருந்த ஃபினாலேயின் வளர்ச்சிப்பணி 2024 ஆகஸ்டில் நிறுத்தப்பட்டது.

ஆகவே உருவத்தையும் பொருளையும் பிரித்துப் பேணுதல் இன்றியமையாதது. ‘சுண்டுக்குச்சி அடி’ என்னும் செய்தி கோப்பில் பெயராகப் பதியப்பட வேண்டும். பெருக்கல் குறி அப்பெயரின் தோற்றம் மட்டுமே. லிலிபாண்டில் இத்தகைய பெயரை ஒருமுறை வரையறுத்தால், பின்னர் ஒரே வரியைத் திருத்திப் பதிப்பு முழுவதிலும் உருவத்தை மாற்றிவிடலாம்.

முடிவுரை

முதல் நிலையே போதுமாயின் அதனைக் கடத்தல் தேவையற்றது. மூன்றாம் நிலைக்குச் செல்ல நேர்ந்தால், எழுத்துருக் கோப்பு, குறிவிளக்கம், ஒலிப்பதிவு ஆகிய மூன்றையும் பதிப்புடன் சேர்த்தே வைத்தல் வேண்டும். இரு சுரங்களுக்கு இடையே நிற்கும் பாடகரின் குரலை எக்குறியும் முழுமையாகக் காட்டாது. ஒலிப்பதிவே அதற்குச் சான்று. கல்வராயன் மலைப் பாடல்களைப் பதிப்பிப்போர் இவ்வொழுங்கைத் தொடக்கத்திலேயே கைக்கொண்டால், அம்மலையின் அடுத்த தலைமுறையினரும் தம் பாடலை அப்பதிப்பிலிருந்து மீட்டுப் பாட இயலும்.