எக்கபர்க் குன்றில் ஒரு கமரா

யாழ்ப்பாணத்துப் பேச்சில் ஒருவரைத் தேற்றும்போது 'யோசிக்காதேங்கோ' என்போம். யோசிப்பதற்கும் கவலைப்படுவதற்கும் எங்களுக்கு ஒரே சொல்தான். ஒஸ்லோவின் டிசம்பர் மாதத்தில்தான் அந்தச் சொல் எனக்கு முழுதாக விளங்கியது. சூரியன் எழும்ப காலை ஒன்பதே காலாகும். பின்னேரம் மூன்றே காலுக்கு முன்பே போய்விடும். மிச்ச நேரமெல்லாம் யோசினை. நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வியர்க்கும்; என்ன காரணம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. எங்கள் வைத்தியர்கள் இதைப் பதகளிப்பு என்பார்கள்.

அப்படியொரு பின்னேரம் பழைய கமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு எக்கபர்க் குன்றில் ஏறினேன். கீழே நகரமும் ஃபியோர்டும். எட்வர்ட் முங்கின் 'அலறல்' ஓவியத்துக்குப் பின்னால் இருப்பது இந்தக் காட்சிதான்.

1892 ஜனவரியில் முங்க் ஒரு குறிப்பு எழுதிவைத்தார். இரண்டு நண்பர்களோடு நடந்து போகிறார், சூரியன் விழுகிறது, வானம் இரத்தமாகிறது. நண்பர்கள் நடந்துகொண்டே போக, அவர் மட்டும் நடுங்கிப்போய் நிற்கிறார். இயற்கை முழுவதையும் ஊடுருவி ஓர் அலறல் போவதாக உணர்கிறார். அடுத்த ஆண்டு ஓவியம் பிறந்தது. அதிலுள்ள உருவம் கத்துகிறது என்றுதான் நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். இல்லை, அது காதைப் பொத்திக்கொண்டு நிற்கிறது. அலறுவது வானமும் நிலமும்.

ஐந்து வயதில் தாயையும் பதின்மூன்று வயதில் அக்காவையும் காசநோய்க்குப் பறிகொடுத்தவர் அவர். நல்ல காட்சியைப் பார்த்தால் மனம் ஆறிவிடும் என்று லேசாகச் சொல்பவர்களுக்கு அந்தப் படத்தைக் காட்ட வேண்டும். பதறிய மனதுக்கு அந்திவானமும் பயம்தான்.

முங்க் 1902இல் பெர்லினில் ஒரு சிறிய கோடக் கமரா வாங்கினார். 1908இல் மனமும் உடலும் குலைந்து கோபன்ஹேகனில் டானியல் யாக்கோப்சன் என்ற வைத்தியரின் மருத்துவமனையில் சேர்ந்தபோதும் கமரா கூடவே இருந்தது. அங்கே அவர் தன்னையே படம் எடுத்தார். அடுத்த ஆண்டு நோர்வே திரும்பி, க்ராகெரோ என்ற கடலோர ஊரில் குடியேறினார். அங்கே பாறைகளுக்கு மேலாக எழும் சூரியனை வரைந்தார். ஒஸ்லோ பல்கலைக்கழக மண்டபத்தில் ஏழு மீட்டருக்கும் கூடிய அகலத்தில் இருக்கிறது அந்தச் சூரியன். 

தன் முகத்திலிருந்து சூரியனுக்குத் திரும்பிய அந்தப் பார்வையைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். பதகளிப்பு கண்ணை உள்ளே இழுக்கும். கமரா அதை வெளியே இழுக்கிறது. அதுவும் சும்மா இழுக்காது, வேலை கொடுத்து இழுக்கும். பனியைக் கமராவின் கணக்குக்கு விட்டால் சாம்பலாக்கிவிடும். வெளிச்ச அளவை ஒன்றிரண்டு ஸ்டொப் கூட்டிவைக்க வேண்டும். எவ்வளவு கூட்டுவது என்று அறியப் பனியை உற்றுப் பார்க்க வேண்டும். அப்போதுதான் தெரியும், நிழல்பட்ட பனி வெள்ளையில்லை, நீலம். இங்கே மாரிகாலச் சூரியன் சரிந்து சரிந்து இறங்குவதால், அது போனபின் வரும் நீலவெளிச்சம் நம்மூர் அந்தியைவிட நெடுநேரம் நிற்கும். கமராவை முக்காலியில் வைத்து ஷட்டரை முப்பது வினாடி திறந்துவிட்டால், அந்த முப்பது வினாடியும் அசையாமல் நிற்க வேண்டும். மூச்சு தானாக நிதானப்படும்.

குளிரில் பற்றரி சீக்கிரம் இறங்கும். இன்னொன்றை உட்சட்டைப் பையில் உடம்புச் சூட்டில் வைத்திருக்க வேண்டும். வீடு வந்ததும் கமராவைப் பையிலிருந்து எடுக்கக்கூடாது, கண்ணாடியில் ஈரம் கோத்துக்கொள்ளும். அது அறைச்சூட்டுக்கு வரும்வரை தேத்தண்ணி குடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். எடுத்த படத்தை உடனே யாருக்கும் அனுப்ப முடியாது. இந்தக் காத்திருப்பு எனக்குப் படத்தைவிடப் பெரிய நன்மை செய்தது. அனுப்பிவிட்டு எத்தனை பேர் விரும்பினார்கள் என்று எண்ணத் தொடங்கினால் அது இன்னொரு யோசினை.

கமராவை நான் மருந்தென்று சொல்லவில்லை. வைத்தியரிடமும் போனேன், மனம்விட்டுப் பேசினேன். நெஞ்சு படபடக்கிறவர்கள் முதலில் குடும்ப வைத்தியரிடம்தான் போக வேண்டும். எங்கள் சனம் முதுகுநோவுக்குப் போகும், இதற்குப் போகாது. அது பிழை.

நோர்வேக்காரர் 'வாசற்படி மைல்' என்று ஒன்றைச் சொல்வார்கள். எந்தப் பயணத்திலும் நெடியது வாசற்படியைத் தாண்டும் மைல்தானாம். அதைத் தாண்டிவிட்டால் இந்த நகரத்தில் காடு தூரமில்லை. காட்டிலும் மலையிலும் எவரும் நடக்கலாம் என்று 1957ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அகதியாக வந்தவருக்கும் அந்த உரிமை உண்டு. 5ஆம் இலக்கச் சுரங்க ரயிலின் ஒரு முனையில் கடைசித் தரிப்பு சொங்ஸ்வான். இறங்கிச் சில நிமிடம் நடந்தால் ஏரி. கைத்தொலைபேசிக் கமராவே போதும். டிசம்பரில் போகிறவர்கள் இரண்டு மணிக்கே அங்கே நில்லுங்கள்.