‘ஏதாச்சும் பிரச்னை இருக்காம்மா?’

கேன்சரை ஜெயிச்சு வீட்டுக்கு வந்தாச்சு, இனி ஆஸ்பத்திரிக்கு டாட்டா... அப்படின்னு நினைக்கிறீங்களா? அங்கேதான் மேட்டரே! சிகிச்சை முடிஞ்ச பிறகும் செக்கப் வருஷக்கணக்கில் தொடரும். மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்டவர்களில் பலர் டாமோக்சிஃபென் மாத்திரையை அஞ்சு வருஷம், சிலர் பத்து வருஷம்கூட சாப்பிடணும்.

நம்ம கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு ஆலைகளுக்குக் குறைவில்லை. ஆனா கேன்சர் செக்கப்னா பெரும்பாலும் சென்னைதான். லோக்கல் டிரெயின்ல சென்ட்ரல் கிட்டத்தட்ட 48 கிலோமீட்டர். அங்கிருந்து பஸ் பிடிச்சா, 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட். 2020 மார்ச் கடைசியில் அந்த டிரெயின் நின்னுச்சு. பொதுமக்கள் மறுபடி ஏற வருஷக் கடைசி ஆயிடுச்சு. நடுவில் இ-பாஸ் கூத்து வேற!

இந்தியா முழுக்க இதே கதைதான். 41 கேன்சர் மையங்களில் எடுத்த கணக்கு ‘லான்செட் ஆங்காலஜி’ இதழில் வந்தது. 2020 மார்ச் முதல் மே வரை செக்கப்புக்கு வந்தவர்கள், முந்தின வருஷம் இதே மாசங்களைவிட 46 சதவிகிதம் குறைவு. அதாவது கிட்டத்தட்ட பாதிப் பேர் வரவே இல்லை.

சரி, போன் இருக்கேன்னு கேட்பீங்க. 2020 மார்ச் 25-ம் தேதியே மத்திய அரசு டெலிமெடிசின் விதிமுறைகளை வெளியிட்டது. ஏற்கெனவே பார்த்த நோயாளிக்கு, அதே மாத்திரையைத் தொடரச் சொல்லி டாக்டர் போனிலேயே எழுதித் தரலாம். நல்ல விஷயம்தான். ஆனா மார்ஃபின் மாதிரி போதைப்பொருள் சட்டத்தில் வரும் வலி மருந்துகளை அப்படி எழுத முடியாது. வலி அதிகமா இருக்கிறவங்கதான் நேரில் போயாகணும்... என்ன கொடுமை பாஸ்!

அதைவிடப் பெரிய சிக்கல் பேச்சுதான். எங்க தெரு அக்கா ஒருத்தங்க, மார்பக ஆபரேஷன் முடிஞ்சு மூணு வருஷம் ஆனவங்க. வீட்டில் இருப்பது ஒரே ஸ்மார்ட்போன். பையனுக்கு ஆன்லைன் கிளாஸும் அதில்தான். டாக்டர் கூப்பிட்டப்போ ஸ்பீக்கரைப் போட்டு போனைப் பிடிச்சிருந்தது பையன், பக்கத்தில் மாமனார். “ஏதாச்சும் பிரச்னை இருக்காம்மா?” “இல்லீங்க டாக்டர், நல்லாருக்கேன்.” ரெண்டே நிமிஷத்தில் செக்கப் ஓவர்!

உண்மையில் அவங்க இடது கை வீங்கியிருந்துச்சு. அக்குளில் நிணநீர் முடிச்சுகளை எடுத்தவங்களுக்கு வருஷங்கள் கழிச்சுக்கூட இப்படி வரலாம். சீக்கிரம் கவனிச்சா கட்டுப்படுத்தலாம்; விட்டா கை கனத்துப் போயிடும். நேரில் போயிருந்தா டாக்டர் கண்ணுல பட்டிருக்கும். போனில் நாமதான் சொல்லணும். மாமனார் முன்னாடி எப்படிச் சொல்றது?

அடுத்த தடவை அக்கா உஷாராயிட்டாங்க. கேட்க வேண்டியதை எல்லாம் பையனோட ரஃப் நோட்டில் எழுதினாங்க. தையல் மெஷின் டிராயரிலிருந்து டேப்பை எடுத்து, முழங்கைக்கு மேலே நாலு விரல் தள்ளி ரெண்டு கையையும் அளந்தாங்க. போனோட மொட்டை மாடிக்குப் போனாங்க.

“டாக்டர், வலது கை இருபத்தஞ்சு சென்டிமீட்டர், இடது கை இருபத்தெட்டரை.”

“நாளைக்கே நேரில் வாங்கம்மா. இ-பாஸுக்கு நான் லெட்டர் தர்றேன்.”