வைரஸ் செய்தியும் வெள்ள எச்சரிக்கையும்

ஆரணியாற்றின் கரையில் வாழும் மக்களுக்கு எச்சரிக்கை என்பது இன்னதென்று நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. வடகிழக்குப் பருவமழை வலுத்து, ஆந்திரப் பகுதியிலுள்ள பிச்சாட்டூர் நீர்த்தேக்கம் நிரம்பிவிட்டால், அங்கிருந்து நீர் திறக்கப்படும் செய்தி ஊத்துக்கோட்டை, பெரியபாளையம், ஆரணி, பொன்னேரி என்று ஆற்றோடு இறங்கி வருகிறது. எத்தனை கன அடி நீர் திறக்கப்படுகிறது, எந்தத் தாழ்வான பகுதியில் உள்ளோர் வெளியேற வேண்டும், எந்தத் தரைப்பாலத்தில் போக்குவரத்து நிறுத்தப்படும் என்பன அதில் இருக்கும். கேட்ட குடியானவர் மாட்டை அவிழ்த்து மேட்டில் கட்டுகிறார். ‘அணை உடைந்துவிட்டதாம்’ என்று எவரேனும் தெருவில் கூவிக்கொண்டு ஓடினால் அது எச்சரிக்கை ஆகாது. கேட்டவருக்கு ஓடத் தோன்றுமேயன்றி, எத்திசையில் ஓடுவதென்று தெரியாது.

கணினிகளிலும் கைப்பேசிகளிலும் புகுந்து கெடுதல் செய்யும் நிரல்களைப் பற்றிப் பத்திரிகைகளிலும் தொலைக்காட்சியிலும் வரும் செய்திகளுள் பெரும்பாலானவை இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை என்பதே நம் கருத்து. மக்கள் இந்நிரல்களைப் பொதுவாக ‘வைரஸ்’ என்றே அழைக்கின்றனர். நாமும் அவ்வாறே அழைப்போம்.

2025ஆம் ஆண்டு மே மாதம், எல்லையில் போர்ச் சூழல் நிலவிய நாட்களில், ஆரணிக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரில் மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டத்திற்குச் சென்றிருந்தோம். (பட்டுக்குப் பேர்போன திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணி அன்று இது, திருவள்ளூர் மாவட்டத்து ஆரணி. பேரூராட்சியாதலின் அது ஊராட்சி ஒன்றியத்தின் நிர்வாகத்தில் சேராது. எனினும் சுற்றுப்புறக் கிராமத்தார் கடைக்கும் வங்கிக்கும் அங்கேதான் செல்கின்றனர்.) குழுத் தலைவி எழுந்து, “ஐயா, ஏ.டி.எம். எல்லாம் மூன்று நாள் மூடப்போகிறார்களாமே. குழுக் கணக்கில் உள்ள பணத்தை நாளைக்கே எடுத்துப் பங்கிட்டுவிடலாமா?” என்று கேட்டார். அக்கணக்கிலிருந்து கறவை மாடு வாங்கக் கடன் பெறுவதற்கு உறுப்பினர் ஒருவர் பல மாதங்களாகக் காத்திருந்தார். பணத்தைப் பங்கிட்டிருந்தால் அந்த மாடு வந்திராது; குழுவும் நிலைத்திராது.

அச்சத்திற்குக் காரணம் வாட்ஸ்அப்பில் வந்த இரு செய்திகள். பண இயந்திரங்கள் மூடப்படும் என்பது ஒன்று. அது பொய் என்று மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் அப்போதே மறுத்தது. மற்றொன்று, ‘டான்ஸ் ஆஃப் தி ஹிலாரி’ என்ற பெயரில் பகைநாடு ஒரு வீடியோவை அனுப்புகிறது, அதைத் திறந்தால் கைப்பேசியே அழிந்துவிடும் என்பது. பத்திரிகைகள் பலவும் இதனை ஆராயாமல் வெளியிட்டன. இதே கதை அதற்குப் பல ஆண்டுகள் முன்னரே ‘டான்ஸ் ஆஃப் தி போப்’ என்ற பெயரில் உலகைச் சுற்றி வந்ததுதான். பெயரை மட்டும் மாற்றிக் கட்டி அனுப்பியிருந்தனர்.

அச்செய்தியில் ‘டாஸ்க்ஸ்சே’ என்ற ஒரு கோப்பின் பெயரும் இருந்தது. இப்பெயர் கற்பனையன்று. 2017 மே 12ஆம் நாள் கிளம்பி நூற்றைம்பது நாடுகளுக்கு மேல் பரவிய ‘வான்னாக்ரை’ என்ற வைரஸைச் சேர்ந்த கோப்பு அது. விண்டோஸ் கணினிகளில் இயங்குவதேயன்றி நம் கைப்பேசிகளில் இயங்காது. எட்டாண்டுக்கு முந்திய வைரஸின் பெயரை எடுத்து, அதற்கும் முன்பே இருந்த புரளியோடு ஒட்டி, புதிய போரின் பெயரால் பரப்பினர். மெய்யான பெயர் ஒன்று கலந்திருந்தமையால் படித்தவர்களும் நம்பினர்.

வான்னாக்ரையே கட்டுக்கதை என்று எவரும் கொள்ளலாகாது. அது இங்கிலாந்தின் மருத்துவமனைகளையே நிலைகுலையச் செய்தது. கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்டது. ஆயினும் அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அவ்வாண்டு மார்ச் மாதத்திலேயே வெளியிட்டிருந்தது. அதனை ஏற்றிய கணினிகள் தப்பின. அன்றைய தலைப்புகளோ ‘உலகம் ஸ்தம்பித்தது’ என்ற பாணியில் இருந்தன. திருத்தத்தை ஏற்றுங்கள் என்ற ஒரு வரி, இருந்தால் கடைசிப் பத்தியில் இருந்தது. பண இயந்திரங்கள் மூடப்படும் என்ற வதந்தி அப்போதும் கிளம்பிற்று என்பதை வாசகர்கள் நினைவுகூரலாம்.

செய்தி ஏன் இவ்வாறு ஊதிப் பெருக்கப்படுகிறது? வைரஸைத் தடுக்கும் மென்பொருளை விற்கும் நிறுவனங்களே பெரும்பாலும் இச்செய்திகளுக்கு மூலம். அவற்றில் வல்லுநர்கள் உண்டு. அவர்தம் ஆராய்ச்சியும் மதிக்கத்தக்கது. ஆனால் மக்கள் அஞ்சினால் அவற்றின் சரக்கு விலைபோகும் என்பதும் உண்மை. ஆய்வறிக்கையில் ‘நிகழக்கூடும்’ என்றிருப்பது செய்திக்குறிப்பில் ‘நிகழ்கிறது’ என்றாகிப் பத்திரிகைத் தலைப்பில் ‘நிகழ்ந்துவிட்டது’ என்று முடிகிறது. வினைமுற்று மாறும்போது பொருளே மாறிவிடுகிறது.

2024ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் சுவிட்சர்லாந்து நாட்டுப் பத்திரிகை ஒன்றில் ஒரு செய்தி வந்தது. இணையத்தோடு இணைந்த முப்பது லட்சம் பல் துலக்கும் பிரஷ்களை வைரஸ் கைப்பற்றி, ஒரு நிறுவனத்தின் இணையதளத்தை முடக்கியதாம். பிப்ரவரியில் அது உலகெங்கும் பரவியது. பின்னர், செய்திக்கு மூலமான ஃபோர்டிநெட் நிறுவனம், அது விளக்கத்திற்காகச் சொன்ன கற்பனை நிகழ்ச்சியே என்று தெரிவித்தது. எந்தப் பிரஷ், எந்த நிறுவனம் என்று முதல் நாளே ஒருவர் கேட்டிருந்தால் செய்தி அங்கேயே நின்றிருக்கும். வேப்பங்குச்சி வாழ்க என்று நம் அலுவலக நண்பர் ஒருவர் சொன்னது வேறு விஷயம்.

நம் மாநிலத்திலேயே நிகழ்ந்த ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். 2019 அக்டோபர் இறுதியில் கூடங்குளம் அணுமின் நிலையத்தில் வைரஸ் புகுந்ததாகச் செய்தி பரவியது. சில நாட்களுக்கு முன் அங்கு இரண்டாவது உலை நின்றிருந்தது. இரண்டையும் முடிச்சிட்டு, அணு உலையே அந்நியர் கைக்குப் போய்விட்டதுபோல் எழுதினர். அக்டோபர் 29இல் நிலையத்தின் சார்பில் மறுப்பு வந்தது. உலையின் கட்டுப்பாட்டு அமைப்பு இணையத்தோடு இணைக்கப்படாதது, அதனைத் தாக்க இயலாது என்பது மறுப்பின் சாரம். மறுநாளே இந்திய அணுமின் கழகம், வைரஸ் காணப்பட்டது மெய்யே என்று அறிவித்தது. நிர்வாக வேலைக்கான, இணையத்தோடு இணைந்த வலையமைப்பில் ஒருவருடைய கணினியில் ‘டிட்ராக்’ என்ற வைரஸ் இருந்தது. செப்டம்பர் 4ஆம் நாளே மத்திய அரசின் கணினி அவசர உதவிக் குழு அதைத் தெரிவித்துவிட்டது. உலையை இயக்கும் அமைப்பு அதனின்றும் தனித்தது.

ஆக, பரபரப்புச் செய்தி மிகைப்படுத்தியது. முதல் மறுப்போ முழுமையாக இல்லை. அரசாங்க ஊழியர் என்ற முறையில் இதைச் சொல்ல நமக்குச் சிறிது கூச்சமுண்டு. ஆயினும் சொல்லாமல் இருப்பது முறையன்று. அக்டோபர் 30ஆம் நாள் அறிவிப்பு ஒருநாள் முந்தி வந்திருப்பின் வதந்திக்கு இடமே இருந்திராது. ஐயத்தோடு படிக்க வேண்டும் என்று நாம் கூறுவது அபாயத்தையே மறுப்பதற்காக அன்று. எந்தக் கணினி, எந்த வழி, எவ்வளவு கெடுதல் என்று கேட்பதற்காக.

இனிக் கைப்பேசியின் நடைமுறையைச் சிறிது காண்போம். வைரஸ் என்பதும் ஒரு நிரலே. அது இயங்கினால்தான் கெடுதல் செய்யும். நமக்கு வரும் படமோ வீடியோவோ சாதாரணமாக அவ்வாறு இயங்குவதில்லை. தொடாமலே நுழையும் உளவு நிரல்களும் உலகில் உண்டு. 2019இல் ‘பெகாசஸ்’ என்பது வாட்ஸ்அப் அழைப்பின் வழியாகவே நுழைந்தது. பெரும் பொருட்செலவில், குறிப்பிட்ட சிலரைக் குறிவைத்துச் செய்யப்படுவது அது. பால் கூட்டுறவுச் சங்கத்துக் கணக்கரைத் தேடி வராது. நம்மைத் தேடி வருவது வேறு. ‘ஏ.பி.கே.’ என்று முடியும் கோப்பு அது. வாகன அபராதம், வங்கிக் கணக்குச் சரிபார்ப்பு, விவசாயிகள் உதவித்தொகை, திருமண அழைப்பிதழ் என்று ஏதேனும் ஒரு பெயரில் வரும். அதை அழுத்தினால், வெளியிலிருந்து வந்த செயலியை நிறுவலாமா என்று கைப்பேசி கேட்கும்; நாம் சரி என்போம். குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்கும். அதற்கும் சரி என்போம். அப்பால் வங்கி அனுப்பும் ஓ.டி.பி. எண் நமக்கு வருமுன் திருடனுக்குப் போய்விடும்.

மேற்சொன்ன கூட்டம் நடந்து இரண்டு வாரம் சென்று, அதே ஊரில் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை செய்யும் இளைஞர் ஒருவர் வாகன அபராதம் என்று வந்த இத்தகைய கோப்பை நிறுவி, ஒரு மாதச் சம்பளத்தை இழந்தார். “வீடியோ எதையும் நான் திறக்கவே இல்லையே ஐயா” என்று அவர் நம்மிடம் சொன்னார். பத்திரிகைகள் சொன்ன எச்சரிக்கையை அவர் பிசகாமல் கடைப்பிடித்திருந்தார். இல்லாத வீடியோவுக்குக் காவல் இருந்த கைதான் கோப்பைத் திறந்தது.

நாமும் தவறாதவர் அல்லோம். பேருந்து நிலையங்களிலும் இரயில் நிலையங்களிலும் கைப்பேசிக்கு மின்னேற்றினால் தகவல் திருடப்படும் என்று படித்துவிட்டு, ஊராட்சிச் செயலர்கள் அனைவருக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பியிருந்தோம். 2011இல் அமெரிக்காவில் வல்லுநர் மாநாடு ஒன்றில் செய்துகாட்டப்பட்ட சோதனை இது. 2023 ஏப்ரலில் அந்நாட்டுப் புலனாய்வுத் துறையின் கிளை ஒன்று எச்சரித்ததும் செய்தி மீண்டும் பரவியது. மெய்யாக நிகழ்ந்து உறுதிசெய்யப்பட்டதாக ஒன்றேனும் தங்களுக்குத் தெரியாதென அந்நாட்டுத் தகவல் தொடர்பு ஆணையமே கூறியிருப்பதைப் பிறகுதான் படித்தோம். இக்காலக் கைப்பேசி, தகவலைக் கொடுக்குமுன் நம்மைக் கேட்டே கொடுக்கிறது. சொந்த மின்னேற்றியை எடுத்துச் செல்வதில் கெடுதல் இல்லை. ஆனால் அந்தச் சுற்றறிக்கையில் ஏ.பி.கே. கோப்பைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

அதைத் திரும்பப் பெற்றுவிட்டோம். இப்போது ஊராட்சி அலுவலகங்களின் பலகையில் ஒட்டியிருப்பது நான்கே வரி: வாட்ஸ்அப்பில் வரும் ஏ.பி.கே. கோப்பை நிறுவாதீர், கைப்பேசி கேட்கும் திருத்தங்களை அவ்வப்போது ஏற்றுங்கள், ஓ.டி.பி. எண்ணை எவருக்கும் சொல்லாதீர். பணம் போனால் அந்த நிமிடமே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள், மறுநாள் வரை காத்திராதீர். அந்த இளைஞர் மறுநாள்தான் அழைத்தார். குழுவின் பணம் வங்கியிலேயே இருந்தது. ஆனி மாதம் மாடு வந்தது.