‘விடுதலை’ப் பத்திரம்: பெண், நிலம், கையெழுத்து

‘விடுதலை’ என்ற சொல் நமக்கு மிகவும் பழக்கமானது. தேச விடுதலை, வர்க்க விடுதலை, தலித் விடுதலை, பெண் விடுதலை என்று எத்தனையோ வருஷங்களாக நம் பத்திரிகைகளில் அது புரண்டுகொண்டிருக்கிறது. இதே சொல் சார்பதிவாளர் அலுவலகத்தில் வேறொரு பொருளில் புழங்குகிறது. கூட்டாகப் பாத்தியப்பட்ட சொத்தில் தன் பங்கை இன்னொரு பாத்தியதைக்காரருக்கு விட்டுக்கொடுத்து எழுதும் ஆவணத்துக்குப் பெயர் விடுதலைப் பத்திரம். புதுக்கோட்டை மாவட்டத்தில் நான் பார்த்த வரையில் இதை எழுதிக் கொடுப்பவர்கள் கூடப்பிறந்த பெண்கள். எழுதி வாங்குகிறவர்கள் அண்ணன் தம்பிகள். யார் எதிலிருந்து விடுதலை பெறுகிறார்கள் என்று நிதானமாக வாசித்துப் பார்த்தால், நிலம்தான் அவளிடமிருந்து விடுதலை பெறுகிறது.

பெண்ணை நிலத்துக்கு வெளியே சட்டமே நிறுத்தியிருந்த காலம் போய்விட்டது. இப்போது அவளை வெளியே நிறுத்துவது அவளுடைய சொந்தக் கையெழுத்து. விலக்கம் சட்டத்திலிருந்து ஒப்புதலுக்கு இடம் மாறியிருக்கிறது. இந்த இடமாற்றத்தைப் புரிந்துகொள்ளாமல் ‘பெண்களுக்குத்தான் சமபங்கு வந்திருச்சே’ என்று பேசிக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை. ஆலங்குடிப் பக்கத்து விவசாயக் குடும்பம் ஒன்றின் மூத்த மகளாக, இந்தப் பத்திரம் என் முன்னாலும் நீட்டப்பட்டது என்பதனால் இதை எழுதுகிறேன்.

முதலில் சட்டம். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு, ஆண்களுக்குச் சமமாகப் பெண்களுக்கும் சொத்துரிமையும் வாரிசுப் பாத்தியதையும் வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அதற்கு 27 வருஷம் கழித்து வந்த 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம், தகப்பன் உயில் எழுதாமல் செத்தால் அவருடைய சுயசம்பாத்தியத்தில் மகன், மகள், மனைவி, தாய் எல்லோருக்கும் சமபங்கு என்றது. பிதுரார்ஜித நிலத்தில் மட்டும் பழைய கட்டுமானத்தை விட்டுவைத்தது. அங்கே மகன் பிறந்த அன்றைக்கே பங்காளி. மகளுக்குத் தகப்பனின் பங்கிலிருந்து பிரியும் ஒரு துண்டுதான்.

கணக்காகச் சொல்கிறேன். பூர்விக நிலம் 9 ஏக்கர். தாய், தகப்பன், ஒரு மகன், ஒரு மகள். தகப்பன் உயில் எழுதாமல் இறந்துபோகிறார். 1956-ஆம் ஆண்டுக் கணக்குப்படி முதலில் தகப்பனுக்கும் மகனுக்கும் ஆளுக்கு நாலரை ஏக்கர். பிறகு தகப்பனின் நாலரை மூன்றாகப் பிரியும். முடிவில் மகனுக்கு 6, மகளுக்கு ஒன்றரை, தாய்க்கு ஒன்றரை. மகளையும் பிறப்பால் பங்காளியாக ஏற்கும் இன்றைய கணக்கில் தகப்பன், மகன், மகள் ஆளுக்கு 3 ஏக்கர். தகப்பனின் மூன்றும் மூன்றாகப் பிரிய, மகனுக்கு 4, மகளுக்கு 4, தாய்க்கு 1. மகளின் பங்கு கூடியபோது தாயின் பங்கு குறைந்துபோயிருப்பதையும் கவனியுங்கள். மகள் உள்ளே வந்தாள். மனைவி இன்னும் அந்தப் பிறப்புவழிக் கூட்டத்துக்கு வெளியேதான் நிற்கிறாள்.

இந்த இரண்டாவது கணக்குக்குத் தமிழ்நாடு 1989-லேயே வந்துவிட்டது, ஒரு நிபந்தனையோடு. 1989 மார்ச் 25-க்கு முன்னால் கல்யாணமாகிப் போனவளுக்கு இந்த உரிமை கிடையாது. ஒரே வீட்டில் 1988-ல் தாலி கட்டிக்கொண்ட அக்கா பங்காளியில்லை, 1990-ல் கட்டிக்கொண்ட தங்கச்சி பங்காளி. கல்யாணம் ஆனவள் அடுத்த வீட்டுச் சொத்து என்ற கருத்தியலைச் சட்டமே ஒரு தேதி போட்டு எழுதிவைத்தது. 2005 செப்டம்பர் 9-ல் அமலுக்கு வந்த மத்தியச் சட்டத் திருத்தம் அந்தக் கோட்டை அழித்தது. அண்ணன் தம்பிகள் பிரிக்கிற வரையில் குடியிருக்கும் வீட்டில் மகள் பாகம் கேட்க முடியாது என்றிருந்த பிரிவும் அப்போதுதான் போனது. தகப்பன் அந்தத் தேதியில் உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற குழப்பத்தை உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்ட் 11 அன்று வினீதா சர்மா வழக்கில் தீர்த்துவைத்தது. வேண்டியதில்லை, உரிமை பிறப்பால் வருவது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பு முறையாகப் பதிவான பாகப்பிரிவினைகளுக்குப் பாதுகாப்பு உண்டு. ‘வாய்மொழியா எப்பவோ பிரிச்சாச்சு’ என்ற வாதத்தைச் சாதாரணமாக ஏற்கக் கூடாது என்றும் அந்தத் தீர்ப்பு சொல்கிறது.

‘இதெல்லாம் இப்ப வந்த சட்டம், நம்ம வழக்கம் வேற’ என்பார்கள். தமிழ்நாட்டிலிருந்து போன அருணாசலக் கவுண்டர் வழக்கில் 2022 ஜனவரி 20 அன்று வந்த தீர்ப்பை அவர்களிடம் காட்டலாம். மகன் இல்லாத தகப்பனின் சுயசம்பாத்தியம், 1956-க்கு முந்தைய இந்து சட்டத்தின்படியும் சகோதரன் பிள்ளைகளுக்குப் போகாமல் மகளுக்கே போகும் என்கிறது அது. வழக்கம் என்று நாம் சொல்வதில் எவ்வளவு வழக்கம், எவ்வளவு வசதி என்று கேட்க வேண்டியிருக்கிறது.

ஆக, சட்டம் கிட்டத்தட்ட முழுசாக வந்துவிட்டது. நிலம் வரவில்லை. 2015-16 விவசாயக் கணக்கெடுப்பின்படி இந்தியாவின் சாகுபடிக் கைப்பற்றுகளில் பெண்கள் பொறுப்பில் இருந்தவை நூற்றுக்கு 13.87தான். நாற்று நடுகிறவள், களை பறிக்கிறவள், கடலை ஆய்கிறவள் எல்லாம் யார் என்று நமக்குத் தெரியும். ஆனால் விவசாயி என்பது உழைப்பின் பெயராக இல்லை, பட்டாவின் பெயராக இருக்கிறது. 2019-லிருந்து மத்திய அரசு வருஷத்துக்கு 6,000 ரூபாய் தரும் விவசாயி உதவித்தொகை பட்டாக்காரரைப் பார்த்து வருகிறது. கூட்டுறவுச் சங்கத்துப் பயிர்க்கடனுக்குச் சிட்டா அடங்கல் வேண்டும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயலில் கீரமங்கலம், வடகாடு, ஆலங்குடி பக்கமெல்லாம் தென்னை வேரோடு சாய்ந்தபோதும் ‘பட்டா யாரு பேர்ல?’ என்றுதான் கேள்வி வந்தது. அந்தக் கன்றுகளுக்குக் குடம் குடமாய்த் தண்ணீர் ஊற்றியவள் அந்தக் கேள்விக்குப் பதிலாக இன்னொருவன் பெயரைச் சொன்னாள்.

மகளைத் தாண்டிப் போவதற்கு ஊரில் சொல்லப்படும் நியாயங்கள் நான்கு.

ஒன்று, ‘நகை போட்டு, சீர் செஞ்சு அனுப்பியாச்சு.’ வரதட்சணை 1961-லிருந்து சட்டப்படி குற்றம். குற்றத்தைப் பங்கில் கழிக்க முடியாது. அது கிடக்கட்டும். அந்த நகை எங்கே போகிறது என்று பார்த்தோமா? எங்கள் வீட்டில் போர்வெல் போட்டது என் தம்பி பொண்டாட்டியின் நகையை அடகு வைத்து. என் நகை என் மாமியார் வீட்டில் ஒரு ஏக்கர் கொல்லையாகி, வீட்டுக்காரர் பேரில் நிற்கிறது. பெண்ணோடு புறப்படும் தங்கம் போய்ச்சேர்ந்த வீட்டில் நிலமாகவும் நீராகவும் மாறி ஆண் பெயரில் பதிவாகிறது. சீர் என்பது பெண்ணுக்குக் கொடுத்த பங்கு என்பதைவிட, ஆண்களின் பட்டாக்களுக்கு இடையே பெண் வழியாக நடக்கும் பரிமாற்றம் என்பதே பொருத்தம்.

இரண்டு, ‘நிலம் துண்டு துண்டாப் போயிரும்.’ நாலு அண்ணன் தம்பிகள் வரப்பு வெட்டிப் பிரிக்கும்போது இந்தக் கவலை யாருக்கும் வருவதில்லை. கூட்டுப் பட்டாவாக வைத்து ஒருவரே சாகுபடி செய்து மற்றவருக்குக் குத்தகை அளக்கலாம். வழி இருக்கிறது.

மூன்று, ‘அவ வேற ஊருக்குப் போயிட்டா.’ எங்கள் பக்கத்தில் ஆண்கள் போயிருக்கும் ஊர் சிங்கப்பூர், துபாய். பத்து வருஷம் ஊரில் இல்லாதவன் பெயர் பட்டாவில் அசையாமல் இருக்கிறது. எட்டு மைலில் வாழ்க்கைப்பட்டு, அறுப்புக்கும் திருவிழாவுக்கும் வந்துபோகிறவள் அந்நியமாகிவிடுகிறாள்.

நான்கு, ‘உறவு அத்துப்போயிரும்.’ மற்ற மூன்றும் வெறும் வாதங்கள். இது மட்டும் உண்மை. அதனால்தான் இது ஜெயிக்கிறது.

தெற்காசியப் பெண்களின் நில உரிமையைப் பற்றி 1994-ல் பெரிய நூல் எழுதிய பொருளியலாளர் பினா அகர்வால் இந்த இடத்தைக் கவனித்திருக்கிறார். பிறந்த வீடு பெண்ணுக்கு ஒரு காப்பீடு. புருஷன் அடித்தால், கைவிட்டால், செத்தால் திரும்பி வர அவளுக்கு இருப்பது அந்த ஒரு வாசல்தான். அந்த வாசலைத் திறந்து வைத்திருப்பவன் சகோதரன். வாசல் மூடிவிடக் கூடாது என்பதற்காக அவள் நிலத்தைக் கட்டணமாகக் கட்டுகிறாள். இதைப் பாசம் என்று மட்டும் சொல்வது பாதி உண்மை. ஏமாளித்தனம் என்று சொல்வது முழுப் பொய். கையில் வேறெதுவும் இல்லாதவள் போடும் சரியான கணக்கு அது. ஆனால் எந்த நிலம் கையில் இருந்தால் அவளுக்கு அந்த வாசலே தேவைப்படாதோ, அந்த நிலத்தைக் கொடுத்துத்தான் அந்த வாசலை வாங்குகிறாள். கிராம்சி சொன்ன மேலாண்மை இப்படித்தான் வேலை செய்கிறது. கட்டாயத்தைவிட ஒப்புதல் மலிவு.

என் முன்னால் வந்த காகிதத்தைச் சொல்கிறேன். அப்பா செத்துக் கருமாதி முடிந்த மூன்றாம் நாள், பத்திர எழுத்தர் எல்லாம் தயார் செய்து வைத்திருந்தார். ‘ஒரு கையெழுத்துத்தானக்கா’ என்றான் தம்பி. அவன் கெட்டவனில்லை. அவனுக்கு அது உண்மையாகவே ஒரு கையெழுத்துத்தான். அம்மா சொன்னது வேறு: ‘எனக்குக் கொள்ளி வைக்கிறவன் அவன்தானேத்தா, நீயா வைப்ப?’ நிலத்துக்கும் கொள்ளிக்கும் இடையே ஒரு கோடு ஓடுவதை அன்றைக்குத்தான் தெளிவாகப் பார்த்தேன். கொள்ளி வைக்கும் உரிமை இல்லாதவளுக்கு மண் இல்லை. மண் இல்லாதவள் கொள்ளி வைக்க முடியாது. ஒன்றுக்கொன்று சாட்சி. நான் கையெழுத்துப் போடவில்லை. சண்டையும் போடவில்லை. ‘பட்டாவுல எல்லார் பேரும் ஏறட்டும், உழுறத நீயே உழு’ என்றேன். அந்த வருஷத்திலிருந்து பொங்கல் சீர் வருவதில்லை. இதன் விலை எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் எழுதுகிறேன்.

‘பங்காளி’ என்ற சொல்லைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பங்கை ஆள்கிறவன் என்று பெயர் சொல்கிறது. பெரியப்பன் மகன் பங்காளி, சித்தப்பன் மகன் பங்காளி. அந்தச் சொல்லுக்குப் பெண்பால் கிடையாது. 2005-ல் சட்டம் உண்டாக்கிய அந்தப் பெண்ணைக் கூப்பிட நம் பேச்சில் இன்னும் வார்த்தை பிறக்கவில்லை. பங்கு கேட்டவளைக் கூப்பிட மட்டும் நிறைய வார்த்தைகள் இருக்கின்றன.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு உண்டு. நிலமே இல்லாத தலித் குடும்பங்களுக்கு இது என்ன கேள்வி, நிலம் வைத்திருக்கும் சாதிகளின் வீட்டுச் சண்டைதானே என்று கேட்கலாம். கேட்க வேண்டும். நிலப் பகிர்வு இல்லாமல் வாரிசுரிமை மட்டும் பேசினால் அது சொத்துள்ளவர்களின் பெண்ணியம் ஆகிவிடும். ஆனால் நிலமற்றவர்களுக்கு நிலம் வரும்போது யார் பெயரில் வர வேண்டும் என்ற கேள்வியும் இதே கேள்விதான். 1981-ல் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் தம்பதியர் தொடங்கிய லாப்டி இயக்கம் கீழத்தஞ்சையில் நிலமற்ற தலித் குடும்பங்களுக்கு வாங்கிக்கொடுத்த நிலத்தைப் பெண்கள் பெயரில் பதிவு செய்தது. நம் மாவட்டத்திலேயே 1990-களின் தொடக்கத்தில் கல்குவாரிக் குத்தகை பெண்கள் குழுக்களுக்குக் கொடுக்கப்பட்டது. வாரிசு வழியாக வராத இடத்தில் பெண் பெயரைப் போடுவது சாத்தியம் என்பதற்கு இவை சாட்சி. அடுத்த தலைமுறையில் அந்த நிலம் மகளுக்கும் போகுமா, மகனுக்கு மட்டுமா என்பதில்தான் திரும்பவும் விடுதலைப் பத்திரம் வந்து நிற்கும்.

1991-92-ல் அறிவொளி இயக்கம் புதுக்கோட்டைப் பெண்களுக்கு எழுத்தும் சைக்கிளும் கற்றுக் கொடுத்தது. கைநாட்டு வைத்தவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். அது நம் காலத்தின் பெரிய காரியங்களில் ஒன்று. எங்கள் தெருவில் அப்படிக் கற்றுக்கொண்ட ஒரு அயித்தை தன் பெயரை முழுசாக எழுதிய முதல் அரசாங்கக் காகிதம் ஒரு விடுதலைப் பத்திரம். குறை எழுத்தறிவில் இல்லை. எதில் கையெழுத்துப் போடாமல் இருக்கலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லித்தர ஓர் இயக்கம் வேண்டியிருக்கிறது.

அப்படிச் சொல்லித்தர வேண்டியவை கொஞ்சம்தான். கையெழுத்துப் போடாததால் பங்கு போய்விடாது. தகப்பன் கண்மூடிய நொடியிலேயே அது வந்துவிட்டது. பட்டாவில் தம்பி பெயர் மட்டும் ஏறினாலும் உரிமை அழியாது, பட்டா வருவாய்த் துறைப் பதிவுதான். ஆனால் ‘உனக்குப் பங்கில்லை’ என்று விலக்கி வைத்தது தெரிந்த பிறகு 12 வருஷம் சும்மா இருந்தால் வழக்கு செல்லாமல் போகலாம். பதிவு செய்த விடுதலைப் பத்திரத்தை ரத்துச் செய்வது கடினம். தகப்பன் உயிரோடு இருக்கும்போதே மகன் பெயருக்கு உயில் எழுதியிருந்தால், பூர்விகத்தில் அவர் பங்குக்கு மட்டும்தான் அது செல்லும், மகளின் பங்குக்குச் செல்லாது. முஸ்லிம் பெண்ணுக்குச் சகோதரன் பங்கில் பாதி, கிறித்தவப் பெண்ணுக்குச் சமபங்கு என்று அவரவர் சட்டம் வேறு. நீட்டப்படும் காகிதம் ஒன்றுதான்.

நம் தோழர்களிடம் ஒரு கேள்வி. 2017-ல் நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து நாம் உட்கார்ந்தபோது பெண்கள் முன்வரிசையில் இருந்தார்கள். மண் எங்கள் உயிர் என்று முழங்கினோம். அந்த மண்ணின் சிட்டா இணையத்திலேயே கிடைக்கிறது. உங்கள் வீட்டு சர்வே எண்ணைப் போட்டுப் பாருங்கள். உங்க அக்கா பேரு, தங்கச்சி பேரு அதுல இருக்கா? இல்லையென்றால் அவர்கள் கேட்பதற்காகக் காத்திருக்க வேண்டாம். கேட்கிறவள்தான் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. கொடுக்க வேண்டியவன் முதலில் பேசினால் பொங்கல் சீரும் நிற்காது.