டாஷ்போர்டு பேசுகிறது – 9: தாமதமாக எரியும் ஆயில் லைட்

போன வாரம் சார்ஜ் லைட். இந்த வாரம் அதன் பக்கத்து வீட்டுக்காரர், சொட்டு விடும் எண்ணெய்க் குவளைப் படம் போட்ட சிவப்பு விளக்கு. ஆயில் குறைந்தால் எரியும் விளக்கு என்றே பலரும் நினைக்கிறார்கள். அளவு பார்க்க டிப்ஸ்டிக் இருக்கிறது. இந்த விளக்குக்குத் தெரிந்தது அழுத்தம் மட்டும்தான்.

பெங்களூரு டவுன் ஹாலிலிருந்து மினர்வா சர்க்கிள் வரை போகும் ஜே.சி. ரோட்டில் ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளுக்குக் குறைவில்லை. மாருதி 800-க்கு ஆயில் பிரஷர் சுவிட்ச் கேட்டால் உள்ளங்கையில் அடங்கும் ஒரு சாமானை எடுத்து வைப்பார்கள். கீழே மரை, நடுவே ஸ்பேனர் பிடிக்க ஆறு பட்டை, மேலே ஒற்றை டெர்மினல். உள்ளே ஒரு டயஃப்ரம், ஒரு ஸ்பிரிங். ஆயில் தள்ளினால் காண்டாக்ட் விலகி விளக்கு அணையும். அழுத்தம் விழுந்தால் ஸ்பிரிங் ஜெயித்து, எர்த் கிடைத்து, விளக்கு எரியும்.

எத்தனை பவுண்டில் எரியும் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. பெரும்பாலான கார்களில் 0.3 முதல் 0.5 பார், அதாவது 4 முதல் 7 பவுண்டு. ஓசூர் ரோட்டில் ஓரளவு வேகமாகப் போகும் நல்ல இன்ஜினில் 40, 50 பவுண்டு இருக்கும். அது 10-க்கு இறங்கினாலும் விளக்கு வாயைத் திறக்காது. 3,000 ஆர்.பி.எம்.மில் கிராங்க் விநாடிக்கு 50 சுற்று சுற்றுகிறது. லைட்டைப் பார்த்து, ஓரம் கட்டி, இன்ஜினை அணைக்கப் பத்து விநாடி ஆனால் 500 சுற்று. பேரிங் கெட்டுப்போக அது போதும்.

பிறகு ஏன் கம்பெனிக்காரர்கள் இவ்வளவு கீழே வைத்தார்கள்? சில்க் போர்டு சிக்னலில் முக்கால் மணி நேரம் ஊர்ந்து பாருங்கள். ஆயில் சூடேறி நீர்த்துவிடும், ஐட்லிங்கில் பம்பும் மெதுவாகத்தான் சுற்றும். 20 பவுண்டு சுவிட்ச் போட்டிருந்தால் நல்ல இன்ஜினிலும் லைட் மினுக்கும். சிக்னலுக்குச் சிக்னல் மினுக்கும் லைட்டை யார் மதிப்பார்கள்? 1980-களில் ஃபோக்ஸ்வாகன் இதற்கு இரண்டு சுவிட்ச் வைத்தது. 0.3 பார் சுவிட்ச் ஐட்லிங்குக்கு, 1.8 பார் சுவிட்ச் 2,000 ஆர்.பி.எம்.முக்கு மேல் மட்டும் கணக்கில் வரும், கூடவே பஸ்ஸர் கத்தும். இதைவிட நேர்த்தியான தீர்வு எனக்குத் தெரியாது.

ஊருக்குள் மட்டும் ஓடும் காருக்கு ஒரிஜினல் சுவிட்சே போதும். பழைய இன்ஜினோடு நெடுஞ்சாலைக்குப் போகிறவர்கள், இன்னும் அதிக அழுத்தத்திலேயே எரியவைக்கும் சுவிட்ச் வாங்கும் முன் மெக்கானிக்கிடம் கேஜ் மாட்டி அளக்கச் சொல்லுங்கள். டிராஃபிக்கில் வெந்து வந்த சூட்டோடு, ஏ.சி. ஓட, ஐட்லிங்கில். 15 காட்டினால் 10 பவுண்டு சுவிட்ச் வாங்கலாம். அளக்காமல் வாங்குவது குருட்டாம்போக்கு.

அடுத்து மரை. சுஸுகி போன்ற ஜப்பானிய இன்ஜின்களில் 1/8 அங்குல டேப்பர் மரை, அங்குலத்துக்கு 28. அமெரிக்க 1/8-ல் 27. ஒன்றுக்கு மற்றதைப் போட்டால் முதல் சில சுற்று ஒழுங்காக ஏறும், பிறகு இறுகும். அங்கேயே நிறுத்தாமல் ஸ்பேனரை அழுத்தினால் அலுமினிய மரை போச்சு. ஐரோப்பிய கார்கள் பலவற்றில் எம்10, ஒரு மில்லி பிட்ச், செப்பு வாஷரோடு. ஒற்றை டெர்மினல் சுவிட்சுக்கு உடம்புதான் எர்த். டெஃப்லான் டேப்பைத் தாராளமாகச் சுற்றினால் எர்த் போகலாம்; போனால் விளக்கு எரியவே எரியாது.

பழைய சுவிட்சை எடுக்காமல் பித்தளை டீ போட்டு இரண்டாவதைச் சேர்ப்பவர்கள், டீயை இன்ஜினிலேயே தொங்கவிடாதீர்கள். அதிர்வில் கழுத்து ஒடியும், ஆயில் முழுக்க ரோட்டில் கொட்டும். ஹோஸ் வைத்து பாடியில் பிடித்து, தனி எர்த் வயர் இழுங்கள்.

காசு கொடுக்கும் முன் கடையிலேயே மீட்டர் வைத்து டெர்மினலையும் உடம்பையும் தொடுங்கள், பீப் வர வேண்டும். வராவிட்டால் ஒன்று பழுது, இல்லை அது பெட்ரோல் பம்பை நிறுத்துவதற்கான எதிர்வகை சுவிட்ச். பீப் வந்தால், பக்கத்து பஞ்சர் கடையில் காற்றடித்தால் பீப் நிற்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

(தொடரும்)