மூச்சு முட்டும் காளான் கொட்டகை!

காரைக்கால்: வைக்கோலுக்குப் பஞ்சமில்லாத ஊர் காரைக்கால். சிப்பிக் காளான் வளர்க்க அது போதும். ஆனால் நாலு பக்கமும் அடைத்த கொட்டகைக்குள் பாலிதீன் தாளால் அறை கட்டினால் முதலுக்கே மோசம்!

காளானும் கரியமில வாயுவை வெளிவிடுகிறது. மொட்டு விடும் நேரத்தில் அது தேங்கினால் தண்டு நீண்டு, குடை சிறுத்துப் போகும். ‘மின்விசிறி வெச்சாச்சே’ என்றால் போதாது. அறைக்குள் இருக்கும் காற்று கொட்டகைக்குள் போய், அதே காற்றுதான் திரும்பி வரும். கெட்ட காற்று கொட்டகையை விட்டே வெளியேற வேண்டும். எதிர்ப்புறம் கொசுவலை அடித்த சன்னல் வழியே புதுக்காற்று நுழைய வேண்டும். ஈரம் குறையாமலிருக்க, நனைத்த சாக்கைத் தொங்க விடலாம்.

ஆளுக்கும் ஆபத்து உண்டு. குடை முற்றினால் கண்ணுக்குத் தெரியாத வித்துத் தூள் பறக்கும். அதை நாள்தோறும் சுவாசித்தால் இருமல், காய்ச்சல், மூச்சிரைப்பு வரலாம். முற்றுமுன் பறிப்பதும், முகமூடி போடுவதும் அவசியம்.

1987-ல் தொடங்கிய வேளாண்மைக் கல்லூரி உள்ளூரிலேயே இருக்கிறது. பணத்தைப் போடுமுன் அங்கே ஒரு நடை போய் விசாரிப்பது நல்லது!