திரும்பி வரும் கணக்கு

போன மாதம் ஆராதனை முடிந்து எல்லோரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, பத்தாம் வகுப்புப் படிக்கும் தம்பி ஒருவன் என்னிடம் வந்தான். “அண்ணா, வீட்டு கராஜில் கட்டின விமானத்தில் கடலைத் தாண்ட முடியுமா?” பக்கத்தில் நின்ற அவன் அப்பா, “முதலில் உன் சைக்கிள் செயினை மாட்டு” என்றார். சிரித்துவிட்டோம். ஆனால் அவன் கேட்டது நல்ல கேள்வி. அன்று நின்று பேச நேரம் இல்லாமல் போயிற்று. அதனால் இங்கே எழுதுகிறேன்.

முடியும். நம் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஒருவரே செய்து காட்டியிருக்கிறார். அடிலெய்டுக்காரரான ஜான் ஜொஹான்சன், தொழிலால் செவிலியர். ஆர்வி-4 என்ற இரண்டு இருக்கை விமானத்தைத் தம் கையாலேயே கட்டினார். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ரிச்சர்ட் வான்கிரன்ஸ்வென் வடிவமைத்த விமானம் அது. அலுமினியத் தகடுகளும் வரைபடங்களும் பெட்டியில் வரும். துளை போட்டு, ஆயிரக்கணக்கான ரிவெட் அடித்துச் சேர்ப்பது வாங்குகிறவர் வேலை. ஜொஹான்சனுடைய விமானத்தின் பதிவெழுத்து விஎச்-என்ஓஜே. கடைசி மூன்று எழுத்துகளைப் பின்னாலிருந்து படித்தால் அவர் பெயர். 1995-இல் அதில் உலகைச் சுற்றினார். 1996-இல் எதிர்த்திசையில் இன்னொரு முறை. 2000-இல் வடதுருவத்தின் வழியாக மூன்றாம் முறை.

இதைக் கேட்டால் துணிச்சல்தான் முதலில் கண்ணில் படும். எனக்கோ அதற்குப் பின்னால் இருக்கும் கணக்கின்மேல்தான் ஆசை. அந்தக் கணக்குக்கு நம் தம்பியின் பத்தாம் வகுப்புக் கணிதம் போதும். ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள்.

கலிபோர்னியாவிலிருந்து ஹவாய்க்குச் சுமார் 3,860 கிலோமீட்டர். நடுவில் ஒரு பாறைகூட இல்லை. அமெரிக்காவிலிருந்து பசிபிக்கைத் தாண்டி நம் பக்கம் வருகிற சிறு விமானத்துக்கு இதுதான் பெரிய தாண்டல். விமானம் மணிக்கு 270 கிலோமீட்டர் பறக்கிறது, மணிக்கு 30 லிட்டர் குடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். காற்றே இல்லாவிட்டால் பயணம் 14.3 மணி நேரம், 430 லிட்டர். முகத்துக்கு நேரே 30 கிலோமீட்டர் காற்று அடித்தால், தரையைப் பொறுத்த வேகம் 240 ஆகிவிடும். இப்போது 16 மணி நேரத்துக்கும் மேல், 480 லிட்டருக்கும் மேல். கடற்கரையில் நிற்கிற நமக்கு முடியைக் கலைக்கிற காற்று, அங்கே 50 லிட்டருக்கு மேல் தின்றுவிடுகிறது.

ஆர்வி-4 இறக்கைத் தொட்டிகளில் கொள்வது சுமார் 121 லிட்டர்தான். நான்கு மணி நேரத்துக்குத்தான் வரும். மீதிக்குப் பின்னிருக்கையைக் கழற்றிவிட்டு அங்கே ஒரு பெரிய தொட்டியையும், கிடைக்கிற மற்ற இடங்களில் இன்னும் சில தொட்டிகளையும் வைக்க வேண்டும். மொத்தம் 600 லிட்டர் நிரப்பினால், விமானப் பெட்ரோலின் எடை மட்டும் சுமார் 430 கிலோ. விமானத்தின் காலி எடையே ஏறக்குறைய 410 கிலோதான். தன்னைவிடக் கனமான சுமையைத் தூக்கிக்கொண்டு ஓடுபாதையில் ஓட வேண்டும். எடை 40 சதவீதம் கூடினால், பறந்துகொண்டிருக்கத் தேவையான குறைந்தபட்ச வேகம் சுமார் 18 சதவீதம் கூடும். ஓட்டம் நீளும், ஏற்றம் மெதுவாகும், திருப்பங்களைப் பாத்திரத்தில் பால் கொண்டுபோகிறதுபோல மெதுவாகச் செய்ய வேண்டும். கடல் பயணத்தின் ஆபத்தான நிமிடங்களில் பல, கடலைப் பார்ப்பதற்கு முன்பே தரைமேல் கழிகின்றன.

1986 டிசம்பரில் டிக் ரூட்டானும் ஜீனா யேகரும் வாயேஜர் விமானத்தில் எங்கும் இறங்காமல், வானில் எரிபொருள் ஏற்றாமல் உலகைச் சுற்றினார்களே, அன்று புறப்பட்ட எடையில் 70 சதவீதத்துக்கும் மேல் எரிபொருள். கனத்தில் இறக்கை நுனிகள் ஓடுபாதையில் உரசித் தேய்ந்தன. ஒன்பது நாள் கழித்து இறங்கியபோது மிஞ்சியது 50 கிலோவுக்கும் குறைவு. வாயேஜரும் ஒரு பெரிய தொழிற்சாலையில் பிறந்ததல்ல என்பதற்காக இதைச் சொன்னேன். மறுபடியும் நம் தாளுக்கு வருவோம்.

600 லிட்டரில் 60 லிட்டரை இல்லாததாகவே நினைத்து ஒதுக்கிவிடுவோம். மிச்சம் 540 லிட்டர், 18 மணி நேரம். போகும் வேகம் 240. திரும்பினால் அதே காற்று முதுகைத் தள்ளும், வேகம் 300. இப்போது கேள்வி: எவ்வளவு தூரம் போன பிறகும் திரும்பி கலிபோர்னியா வந்து சேர முடியும்? பத்து மணி நேரம். 2,400 கிலோமீட்டர் போய்விட்டு, எட்டு மணி நேரத்தில் திரும்பிவிடலாம். பத்து மணி ஒரு நிமிடம் ஆனால் முடியாது. விமானிகள் இதைத் திரும்ப முடியாத புள்ளி என்பார்கள்.

இன்னொரு புள்ளியும் உண்டு. அதுதான் அதிகம் பயன்படும். எஞ்சின் சத்தம் மாறுகிறது, எண்ணெய் அழுத்தம் இறங்குகிறது, அல்லது உங்களுக்கே உடம்பு சரியில்லை. எந்தக் கரை சீக்கிரம் வரும்? நடுவழியைத் தாண்டாவிட்டால் பின்கரை என்றுதான் யாரும் சொல்வோம். எதிர்க்காற்றில் அது தவறு. நம் கணக்கில் நடுவழி 1,930 கிலோமீட்டர். இரண்டு கரைக்கும் சம நேரம் ஆகிற இடமோ சுமார் 2,145 கிலோமீட்டரில் இருக்கிறது. 2,000 கிலோமீட்டரில் எஞ்சின் இருமினால், ஹவாய் பக்கத்தில் இருந்தும் கலிபோர்னியாவுக்குத்தான் திரும்ப வேண்டும். தள்ளிவிட ஒரு காற்று இருக்கிறது. தரையில் நாற்காலியில் உட்கார்ந்து இதை எழுதி வைப்பது சுலபம். ஒன்பது மணி நேரம் தூங்காமல், இருட்டில், கீழே தண்ணீர் கிடக்கும்போது மனதில் போட்டுப் பார்ப்பது சுலபமல்ல. அதனால்தான் புறப்படுவதற்கு முன்பே இரண்டு எண்களையும் எழுதிக் கண்ணெதிரே ஒட்டிக்கொள்கிறார்கள். பிறகு மணிக்கு ஒரு முறை, திட்டப்படி இருக்க வேண்டிய எரிபொருளையும் உண்மையில் இருப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் குறித்து வருவார்கள். இரண்டு கோடுகளும் விலக ஆரம்பித்தால், காற்று வானிலை அறிக்கையில் சொன்னபடி இல்லை என்று அர்த்தம். அப்போது புள்ளிகளையும் புதிதாகக் கணக்கிட வேண்டும்.

(எதிர்க்காற்று 30-க்குப் பதில் 45 என்றால் என்ன ஆகும்? போட்டுப் பாருங்கள். ஹவாய் போய்ச் சேரலாம், ஆனால் கையில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்த்தால் அந்த 60 லிட்டரை ஏன் ஒதுக்கினோம் என்று புரியும்.)

கடலுக்குமேல் கரை மறைந்த நிமிடம் எஞ்சின் வேறு மாதிரி கத்துவதாகக் காதுக்குத் தோன்றும் என்று விமானிகள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. எஞ்சின் அப்படியேதான் இருக்கும். இருந்தாலும் தாமே கட்டிய விமானத்தில் அந்தச் சந்தேகத்துக்குக் கொஞ்சம் நியாயம் உண்டு. தான் செய்த தவறு தன் கண்ணுக்குத் தெரியாது. இன்னொருவரைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும். புதிதாக வைத்த ஒவ்வொரு தொட்டியிலிருந்தும் பெட்ரோல் ஒழுங்காக வருகிறதா, காற்றுக்குழாய் அடைக்கிறதா என்று தரைமேல் பல மணி நேரம் பறந்து பார்க்க வேண்டும். தொட்டியில் பெட்ரோல் இருந்தும் எஞ்சினுக்கு வராவிட்டால், இருந்தும் இல்லாததுதான்.

சாதாரண விமான ரேடியோ சில நூறு கிலோமீட்டருக்குமேல் கேட்காது. அதற்கப்பால் எச்எஃப் ரேடியோ அல்லது செயற்கைக்கோள் போன். மேலே போகிற பெரிய விமானத்தின் விமானியிடம் செய்தி சொல்லி அனுப்புவதும் உண்டு. நாம் சினிமா பார்த்துக்கொண்டு போகிற விமானம் அப்படி ஒரு தபால்காரராகவும் இருந்திருக்கலாம்.

தண்ணீரில் இறங்க நேர்ந்தால்? ஆர்வி-4-இன் சக்கரங்கள் உள்ளே மடங்காதவை. அவை தண்ணீரில் மாட்டினால் விமானம் குப்புறக் கவிழலாம். ஆகவே லைஃப் ஜாக்கெட் இருக்கைக்கு அடியில் கிடக்கக் கூடாது, உடம்பில் இருக்க வேண்டும். வெளியே வந்த பிறகுதான் அதை ஊத வேண்டும். உள்ளேயே ஊதினால் அதுவே நம்மைக் கூரையோடு ஒட்டி வைத்துவிடும். அவசர ஒலிபரப்பி சட்டைப் பையில் இருக்க வேண்டும். மிதவைப் படகு கை எட்டுகிற இடத்தில் இருக்க வேண்டும். குளிர்ந்த கடல் என்றால் தண்ணீர் புகாத முழு உடை வேண்டும். அது வியர்த்துக் கொட்டும். பதினாறு மணி நேரத்தில் சிறுநீர் கழிப்பதற்கும் அதில் வழி யோசிக்க வேண்டும். தம்பிமார் சிரிக்கலாம், ஆனால் அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் போகிறவருக்குத் தலைவலியும் தடுமாற்றமும் வரும்.

இவை பெரிய விமானங்களுக்குத் தேவையில்லாத கவலைகள் என்று நினைக்க வேண்டாம். 2009 நவம்பரில் சமோவாவிலிருந்து மெல்பேர்னுக்கு நோயாளியை ஏற்றிவந்த ஒரு ஜெட் ஆம்புலன்ஸ், எரிபொருள் நிரப்ப நார்ஃபோக் தீவுக்கு வந்தது. வழியிலேயே தீவின் வானிலை கெட்டுவிட்டது. இரவு, தாழ்ந்த மேகம். பலமுறை முயன்றும் ஓடுபாதை தெரியவில்லை. வேறு இடத்துக்குப் போக எரிபொருள் இல்லை. கடலில் இறக்கினார்கள். உள்ளே இருந்த ஆறு பேரும் உயிரோடு மீட்கப்பட்டார்கள். தீவை நோக்கிப் போகிறவருக்கு அந்தத் தீவு இல்லாமல் போனாலும் இன்னொரு கரை இருக்க வேண்டும். அதற்கும் லிட்டர் வேண்டும், லிட்டருக்கு எடை உண்டு.

இனி ஜொஹான்சனின் நான்காவது பெரிய பயணத்துக்கு வருகிறேன். 2003 டிசம்பர். நியூசிலாந்தின் தென்கோடியில் இன்வர்கார்கிலிலிருந்து தனியாகப் புறப்பட்டார். தென்துருவத்துக்குமேல் பறந்து அர்ஜென்டினா போவது திட்டம். துருவத்துக்கே சுமார் 4,800 கிலோமீட்டர், பாதிக்குமேல் தென்சமுத்திரம். துருவத்தைத் தாண்டிப் பறந்துவிட்டார்; தாமே கட்டிய விமானத்தில் தனியாக அதைச் செய்த முதல் ஆள் அவர்தான். ஆனால் எதிர்க்காற்று அவர் எரிபொருளைத் தின்றிருந்தது. அர்ஜென்டினாவுக்கு இன்னும் சுமார் 3,900 கிலோமீட்டர். ஆசை முன்னே இழுத்திருக்கும். அவர் தாளில் இருந்த எண்ணுக்குக் கீழ்ப்படிந்தார். அங்கிருந்து சுமார் 1,350 கிலோமீட்டர் தள்ளி, ராஸ் கடல் பக்கம் இருக்கும் அமெரிக்க ஆய்வுத்தளமான மெக்மர்டோவில் இறங்கினார்.

உயிர் பிழைத்தார். ஆனால் வீடு திரும்ப சுமார் 400 லிட்டர் பெட்ரோல் வேண்டும். அமெரிக்கர்கள் விற்க மறுத்தார்கள். பக்கத்துத் தளத்து நியூசிலாந்துக்காரர்களும் மறுத்தார்கள். உணவும் படுக்கையும் கொடுத்தார்கள், உங்களை எங்கள் விமானத்தில் கொண்டுபோய் விடுகிறோம் என்றார்கள். பெட்ரோல் மட்டும் இல்லை. முன்னேற்பாடு இல்லாமல் வருகிற தனியாருக்குக் கொடுக்க ஆரம்பித்தால் இன்னும் பலர் வருவார்கள் என்பது அவர்கள் வாதம்.

பத்துக் கன்னிகைகளின் எண்ணெய் உங்களுக்கு ஞாபகம் வந்திருக்கும். எனக்கும் வந்தது. அந்தத் தளத்துக்காரர்களை அப்போது பலர் திட்டினார்கள். நான் திட்டத் தயாராக இல்லை. அந்தக் குளிரில் ஒருவரைத் தேடப் போகிறவர்களும் உயிரைப் பணயம் வைத்துத்தான் போகிறார்கள். நம்முடைய திட்டத்தில் யாருடைய கையை எதிர்பார்த்திருக்கிறோமோ, அவரிடம் முன்பே கேட்டிருக்க வேண்டும். ஜொஹான்சனின் கணக்கில் தூரமும் காற்றும் சரியாக இருந்தன. மெக்மர்டோவின் பெட்ரோல் மட்டும் அவர் பெயரில் இல்லை. அதே சமயம், ஒரு ஆளும் ஒரு விமானமும் கண்முன் நிற்க, கையில் எரிபொருளோடு இல்லை என்று சொல்வது எனக்கு வருமா என்று கேட்டால், வராது.

அங்கே இன்னொருவருடைய பெட்ரோல் இருந்தது. பாலி வாச்சர் என்ற பிரிட்டிஷ் பெண் விமானி, உடல் ஊனமுற்றோர் பறக்கக் கற்றுக்கொள்ள நிதி திரட்டுவதற்காக, ஒற்றை எஞ்சின் விமானத்தில் அண்டார்டிகாவைக் கடக்கத் திட்டமிட்டிருந்தார். மெக்மர்டோவுக்கு முன்கூட்டியே எரிபொருள் அனுப்பி வைத்திருந்தார். அந்தப் பருவத்தில் தம் கடப்பைக் கைவிட வேண்டியதாயிற்று. என் பெட்ரோலை ஜொஹான்சனுக்குக் கொடுங்கள் என்று சொல்லியனுப்பினார்.

சுமார் ஒரு வாரம் பனியில் நின்ற அந்தச் சின்ன விமானத்தில் வாச்சரின் பெட்ரோலை நிரப்பினார்கள். ஜொஹான்சன் மறுபடி காற்றைப் பார்த்தார், மறுபடி கணக்குப் போட்டார். பிறகு 3,500 கிலோமீட்டர் கடலைத் தாண்டி, புறப்பட்ட அதே இன்வர்கார்கிலில் வந்து இறங்கினார்.